ஆர்லீன் ஜேடின் வீடு வீடாகத் தண்ணீர் காய்ச்சிய கதை

ஆர்லீன் ஜேடினைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். ஆறு வாரம் அவரைப் பற்றிக் கெட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்த ஒரே ஆள் நான். அதனால் இந்தக் கதையை நான் சொல்வதுதான் நியாயம்.

மார்ஷ் ஹார்பர் தொடக்கப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக மதியச் சாப்பாடு சமைக்கிறவர் ஆர்லீன். நானூற்றுப் பத்துப் பிள்ளைகள். ஜனவரியில் காய்ச்சல் பரவிப் பாதிப் பிள்ளைகள் வரவில்லை என்றால், காலை ஒன்பது மணிக்குள் உப்பிலிருந்து வெண்ணெய் வரைக்கும் எல்லா அளவையும் மனக்கணக்கிலேயே மாற்றிவிடுவார். பேப்பரும் பேனாவும் தேடமாட்டார். ஆள் குள்ளம். சமையலறையில் முடி விழாமலிருக்க மாட்டும் வலையின் தடம் ஞாயிற்றுக்கிழமைகூட நெற்றியில் இருக்கும். குரல் மட்டும் ஆளுக்குச் சம்பந்தமில்லாத அளவு பெரியது. பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகியதால், சர்ச்சில் பக்கத்து ஆளிடம் மணி கேட்டாலும் பாதிரியார் திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய கணவன் வேய்ன் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் சேர்ந்த எங்கள் ஊர் பீர்க் கழகத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவன். மற்றவன் நார்பர்ட். ஒன்பது வருடம் முன்பு வேய்ன் கழுத்து வலிக்கு வெயில் நல்லது என்று அரிசோனாவுக்குப் போனான். அந்த வெயிலுக்கு ஒரு பெண்ணின் பெயரும் இருந்தது என்று பிறகு தெரிந்தது. வீடு விற்றாயிற்று, கராஜும் அதிலிருந்த, பீர் காய்ச்சும் பெரிய அண்டாவும் போயின. ஆர்லீன் துணி வெளுக்கும் கடைக்கு மேலே ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இனி கழகத்துப் பக்கம் தலைகாட்டமாட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த வியாழக்கிழமைக் கழகக் கூட்டத்துக்கு வந்தார், கையில் ஒரு கண்ணாடிக் குடுவை நிறைய பீர். பால் வாங்குகிற ஒரு கேலன் குடுவை அளவுதான்.

"இது என்ன, இருமல் மருந்தா?" என்று கேட்டானாம் நார்பர்ட்.

"ஆமா. குடிச்சுப் பாரு. உன் வாய் கொஞ்சம் அடங்கும்."

குடித்தான். இன்னொரு கோப்பை கேட்டான். ஆனால் வாய் அடங்கவில்லை, அது அவன் பிறவிக் குணம்.

கழகத்தில் இருபத்துமூன்று பேர். ஆர்லீனைத் தவிர எல்லோருக்கும் வீடு, வீட்டோடு கராஜ், கராஜில் கேஸ் சிலிண்டர் வைத்த இரும்பு அடுப்பு, அதன்மேல் குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவுக்கு ஓர் அண்டா. அவர்களுடைய செய்முறை எல்லாம் பத்து கேலனுக்கு. ஆனால் புதிதாக பீர் காய்ச்சிப் பார்க்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் யார்? சீஸ் ஆலைக்கு வேலைக்கு வந்தவர்கள், வாடகை வீட்டுக்காரர்கள், ஒரு ஸ்டவ், ஒரு அலமாரி, அவ்வளவுதான். அவர்கள் கூட்டத்துக்கு ஒருநாள் வந்து அண்டாக்களின் பெருமையைக் கேட்டுவிட்டு, அடுத்த மாதம் வரமாட்டார்கள். ஆர்லீனுக்கு அது பொறுக்கவில்லை. அண்டாக்காரர்களின் செய்முறையை அடுக்களைக்கு இறக்கித் தர ஆரம்பித்தார்.

வெறுமனே வெட்டுவது அல்ல அது. பத்து கேலனுக்கு இரண்டு பாக்கெட் ஈஸ்ட் என்றால் ஒரு கேலனுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று கணக்கு சொல்லும். ஆர்லீன், "பாதி பாக்கெட் போடுங்க. ஈஸ்ட் கூடினா ஒண்ணும் ஆகாது, குறைஞ்சாதான் வம்பு" என்பார். ஹாப்ஸ் பூவின் கசப்பு வருடத்துக்கு வருடம் மாறும். பாக்கெட்டில் சதவீதம் அச்சடித்திருக்கும். பழைய செய்முறையை எழுதியவன் ஆறு சதவீதப் பூவைப் போட்டிருப்பான், இன்று கடையில் கிடைப்பது ஒன்பது. அதற்குத் தக்கபடி எடையைக் குறைத்து எழுதுவார். முளைகட்டிய பார்லியை அரைத்து ஊறவைத்துச் சாறெடுக்க நேரமில்லாதவர்களுக்கு, டப்பாவில் வரும் மால்ட் பாகாக மாற்றி எழுதுவார். எல்லாம் பெரிய எழுத்தில், பள்ளிச் சாப்பாட்டுப் பட்டியல் மாதிரி ஒரே பக்கத்தில்.

இதையே வகுப்பாக நடத்த வேண்டும் என்று கழகத்தில் கேட்டார். நார்பர்ட் இரண்டு வருடம் இழுத்தடித்தான். "சின்னப் பானை ஜாம் செய்யறதுக்குத்தாம்மா, பீருக்கு இல்ல." கடைசியில் போன அக்டோபரில்தான் சம்மதித்தான். பவுலிங் கூடத்தின் பின் அறை, செவ்வாய்க்கிழமை ஏழு மணி, பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டில் ஒருவன் நான், வெர்னன்.

நான் போன காரணம் வேறு. முப்பத்தொரு வருடம் மாவட்டத்துக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டிவிட்டு, முழங்கால் தேய்ந்து ஓய்வு பெற்றிருந்தேன். முதல் பனி விழுந்ததும் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு, புதிதாக வந்தவன் வண்டியைத் திருப்புகிற லட்சணத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருப்பேன். இன்னொரு பனிக்காலம் இதைக் கேட்க ரொசெல்லாவுக்குத் தெம்பில்லை. என் மனைவி அவள். மருந்துக் கடையில் வேலை.

"ஏதாவது ஒண்ணைக் கத்துக்கோ. எதுவா இருந்தாலும் சரி. வீட்டை விட்டு வெளியில போய்க் கத்துக்கோ" என்றாள்.

முதல் வகுப்பிலேயே ஆர்லீன் எங்களுக்கு நார்பர்ட்டின் பழுப்பு பீர் செய்முறையை ஒரு கேலனுக்கு எழுதிக் கொடுத்தார். மாவட்டக் கண்காட்சியில் மூன்று தடவை முதல் பரிசான நீல ரிப்பன் வாங்கிய பீர். "என் பீரைப் பத்தா வெட்டப் போறியா?" என்று நார்பர்ட் நெஞ்சில் கை வைத்தானாம். பதினொன்றரை கேலனில் தொடங்கி, ஒரு மணி நேரம் கொதித்து, பத்து கேலனில் முடிகிற கணக்கு அவனுடையது. எங்கள் தாளில் பதினெட்டரை கப் தண்ணீரில் தொடங்கி ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் பதினாறு கப், அதாவது சரியாக ஒரு கேலன். ஞாயிற்றுக்கிழமை அவரவர் வீட்டில் காய்ச்ச வேண்டும். செவ்வாய்க்கிழமை குடுவையோடு வர வேண்டும்.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு டி.வி.யில் பேக்கர்ஸ் அணியின் கால்பந்து ஆட்டம். பத்தரைக்கு அடுப்பை மூட்டினால் ஆட்டத்துக்குள் முடித்துவிடலாம் என்று பார்த்தேன். எங்கள் வீட்டில் பெரிய பாத்திரம் என்றால் வான்கோழி சுடுகிற நீள்வட்டப் பாத்திரம் ஒன்றுதான். அதில் தண்ணீரையும் பாகையும் விட்டு ஸ்டவ்வில் வைத்தேன். பதினொன்றேகால் ஆகியும் கொதிக்கிற வழியாகக் காணோம். பார்த்தேன். பாத்திரம் நீளமாகத்தானே இருக்கிறது என்று இரண்டு பர்னருக்கும் மேலாக இழுத்து வைத்து, இரண்டையும் முழுசாகத் திறந்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் தளதளவென்று கொதித்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு டி.வி. முன்னால் போய் உட்கார்ந்தேன்.

முதல் கால்பகுதி முடிவதற்குள் புகை அலாரம் அலறியது. சமையலறைக்குள் போனால் கையை நீட்டினால் கை தெரியவில்லை. பாத்திரத்தின் அடியில் தார் மாதிரி ஏதோ எரிந்துகொண்டிருந்தது. கட்டடம் முழுக்க மணி அடித்து, மூன்று மாடிக்காரர்களும் ஆட்டத்தை விட்டுவிட்டுக் குளிரில் தெருவுக்கு வந்தார்கள். கீழ் வீட்டு கார்மெலா குழந்தையைக் கோட்டுக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள். ஊர் தீயணைப்புத் தொண்டர்கள் வந்தார்கள். அவர்களும் ஆட்டத்திலிருந்து எழுந்து வந்தவர்கள்தான், முகத்திலேயே தெரிந்தது. தீ இல்லை, புகை மட்டும்தான். ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார்கள். பாத்திரத்தைத் தவிர எதற்கும் சேதமில்லை. எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெட்கப்படுகிறவன் ஒன்று தலை குனிய வேண்டும், இல்லையென்றால் சண்டை போட வேண்டும். எனக்குத் தெரிந்தது இரண்டாவதுதான்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கருகிய பாத்திரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஆர்லீனின் மேஜைமேல் டொம்மென்று வைத்தேன். அறையில் ஏற்கெனவே சலசலப்பு. மற்ற பதினொரு பேரின் குடுவையிலும் பாதி, முக்கால் என்றுதான் இருந்தது. சீஸ் ஆலையில் வேலை செய்யும் லியாண்ட்ரோவின் குடுவையில் பத்து கப் தேறினால் அதிகம், அதுவும் பாகு மாதிரி.

"பாருங்க, உங்க தாளோட லட்சணத்தை!" என்றேன். "ஊரையே தெருவுல நிக்க வச்சுட்டீங்க."

ஆர்லீன் பாத்திரத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "மூடி ஏதாவது போட்டிருந்தீங்களா? நடுவுல..."

"தாள்ல என்ன இருந்துச்சோ அதைத்தான் செஞ்சேன். ஒரு எழுத்து மாத்தல."

சொன்னேன். பன்னிரண்டு பேர் முன்னால், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னேன்.

அவர் பதினொரு குடுவைகளையும் வரிசையாக வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, குடுவை நிறையும் மட்டும் ஊற்றச் சொன்னார். சிலருடையது அப்படிப் பிழைத்தது. "தப்பு என்னோடதுதான். எங்கே தப்புன்னு கண்டுபிடிச்சுச் சொல்றேன்" என்றார். அந்தப் பெரிய குரல் அன்று பக்கத்து வரிசைக்கே எட்டவில்லை.

நார்பர்ட்டுக்குச் செய்தி போக எவ்வளவு நேரம்? பவுலிங் கூடத்தில் பந்து உருள்கிற நேரம்கூட ஆகவில்லை. வந்து பாத்திரத்தை எடுத்துப் போனான். "டிசம்பர் கூட்டத்துல வச்சுக் காட்டறேன். அதுவரைக்கும் வகுப்பு நிறுத்தம். அப்புறம் எல்லாரும் கை தூக்கி முடிவு பண்ணட்டும்." பவுலிங் கூடத்துக்காரரும் தீ, புகை என்றதும் பின்வாங்கிவிட்டார். கழகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஆர்லீனின் வகுப்பு அத்தோடு சரி.

எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க ஆர்லீனுக்கு இரண்டு நாள்தான் ஆயிற்று. செய்முறையைப் பத்தால் வகுக்கலாம், கொதிக்கிற நேரத்தில் ஆவியாகப் போகிற தண்ணீரைப் பத்தால் வகுக்க முடியாது. நார்பர்ட்டின் அண்டாவில் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை கேலன் போகிறது என்றால், என் பாத்திரத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு போகும் என்று யார் சொன்னது? பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம், அடுப்பு எவ்வளவு வேகம், அதைப் பொறுத்துத்தான் தண்ணீர் குறையும். உள்ளே இருப்பது ஒரு கேலனா பத்து கேலனா என்று ஆவிக்குத் தெரியாது. பள்ளிச் சமையலறையில் மூடி போட்டு வேகவைத்தே பழகிய கைக்கு இது தட்டுப்படவே இல்லை. அவர் வீட்டில் மட்டும் ஒன்பது வருடமாக எப்படிச் சரியாக வந்தது? ஒவ்வொரு தடவையும் கடைசியில் குடுவையின் கோடு வரைக்கும் தண்ணீர் விட்டு நிரப்புவது அவருக்கு வழக்கம். கை தானாகச் செய்த வேலை அது. தாளில் எழுத வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

வேறு யாராவது என்றால் தாளின் அடியில், "கடைசியில் தண்ணீர் ஊற்றி நிரப்பவும்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டுக் கை கழுவியிருப்பார்கள். ஆர்லீன் அதற்கு ஒப்பவில்லை. பாதியாக வற்றுகிற வரைக்கும் கெட்டியாகக் கொதித்தால் பூவின் கசப்பு சரியாக இறங்காது, நிறமும் கருத்துவிடும். அதனால் பள்ளி முடிந்து மூன்று மணிக்குக் கிளம்பினார். கையில் ஒரு அளவுக் குவளை, சமையலறைக் கடிகாரம். ஒவ்வொரு வீடாகப் போய், அவரவர் பாத்திரத்தில் அவரவர் ஸ்டவ்வில் பதினெட்டரை கப் வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, எவ்வளவு குறைந்தது என்று அளந்தார். அந்த வீட்டுக்கென்று தனியாக ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். லியாண்ட்ரோ வீட்டில் எட்டு கப். ஒரு அம்மாள் வீட்டில் உயரமான குறுகிய பானை, ஐந்து கப்தான். ஒரு மணி நேரம் சும்மா உட்கார விடுவார்களா? ஒரு வீட்டில் சூப், ஒரு வீட்டில் ஆப்பிள் கேக், லியாண்ட்ரோ வீட்டில் அவன் அத்தை சுட்ட சோள ரொட்டி. ஊரில் வேறு எந்த மனுஷியும் அந்த ஆறு வாரத்தில் அத்தனை அடுக்களைகளைப் பார்த்திருக்கமாட்டார்.

எனக்கு மூன்று தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. பவுலிங் கூடத்திலும் முடி வெட்டும் கடையிலும் நான் அவரைப் பற்றிப் பேசிய பேச்சை இங்கே எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. "பள்ளிக்கூடத்துல என்னத்தைச் சமைக்கிறாளோ, பாவம் பிள்ளைங்க" என்றுகூடச் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் ரொசெல்லாவின் முகம். அவளுக்கு எல்லாம் தெரியும். அன்றைக்கு மருந்துக் கடையிலிருந்து ஓடி வந்தவள், பாத்திரம் இரண்டு பர்னருக்கும் மேலாகக் கிடப்பதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் மட்டும் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அந்தப் பொம்பளை இன்னிக்குக் கார்மெலா வீட்டுக்குக் கேக் எடுத்துட்டு வந்து, என்னாலதான் உங்க குழந்தை குளிர்ல நின்னுச்சு, மன்னிச்சுக்கோங்கன்னு கேட்டுட்டுப் போறா. நீ நல்லா சாப்பிடு."

தட்டைப் பாதியில் தள்ளி வைத்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பொய்யைச் சொன்ன அன்றே திருத்துவது சுலபம். நாலு பேரிடம் சொல்லிவிட்டால் அதற்குக் காவல் காக்கிற வேலையே பெரிய வேலையாகிவிடுகிறது.

டிசம்பர் கூட்டத்துக்கு முந்தைய நாள், புதன்கிழமை, கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் ஆர்லீன். கோட்டெல்லாம் பனி. கையில் என் பாத்திரம். பளபளவென்று இருந்தது.

"நார்பர்ட்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்றார். "ரெண்டு நாள் சமையல் சோடா போட்டு ஊறவச்சுத் தேய்ச்சேன். மூலையில கொஞ்சம் கறுப்பு போகல. உள்ளே வரலாமா?"

அந்த நீள்வட்டப் பாத்திரத்தின் கருக்கைத் தேய்த்து எடுப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். அதனால்தானே நான் தேய்க்கவில்லை. வழிவிட்டேன்.

"பதினொரு வீட்டுலயும் அளந்தாச்சு. உங்களோடது ஒண்ணுதான் பாக்கி" என்று சொல்லிக்கொண்டே தண்ணீரை அளந்து ஊற்றினார். "உங்க அடுப்புதான் எனக்குப் புரியவே இல்ல வெர்னன். மத்தவங்களுக்கு வத்துச்சு, சரி. உங்களுக்கு மட்டும் எப்படி எரிஞ்சுது?"

பாத்திரத்தை ஒரு பர்னரின் மேல் வைத்தேன். ஒரு பர்னரை மட்டும் மூட்டினேன்.

தண்ணீர் கொதி வர வெகுநேரம் ஆயிற்று. பிறகு ஒரு மணி நேரம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிச் சமையலறைக்குப் புதிதாக வேலைக்கு வந்த பையனைப் பற்றிப் பேசினார், பெரிய கரண்டியை எப்போதும் தப்பான கொக்கியில் மாட்டுகிறானாம். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் எழுந்து அளந்தார்.

"ஏழு கப் குறைஞ்சிருக்கு. பதினொண்ணரை மிச்சம்." திரும்பவும் அளந்தார். "இதுல எப்படிக் கருகும்? பாகு அடியில பிடிச்சிருக்குமோ? நான் கிளறச் சொல்லி எழுதலையே..." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, விடுங்க. இனிமே அதுல என்ன இருக்கு. நாளைக்கு நானே எழுந்து வகுப்பு வேண்டாம்னு சொல்லிடப் போறேன். கடிதம்கூட எழுதி வச்சுட்டேன். ஒரு வீட்டுல தீப்பிடிச்சு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா? எதனாலன்னே எனக்குத் தெரியல. தெரியாத ஒண்ணை எப்படி இன்னொருத்தர் கையில குடுக்கறது?"

சொல்லிவிட்டுக் குவளையைத் துடைக்க ஆரம்பித்தார். அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேனோ என்னவோ. அந்தத் துணியால் சுத்தமான குவளையைத் திரும்பத் திரும்பத் துடைத்ததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

எழுந்தேன். பாத்திரத்தில் மறுபடியும் தண்ணீர் நிரப்பினேன். இரண்டு பர்னருக்கும் மேலாக இழுத்து வைத்தேன். ஒன்றை மூட்டினேன், மற்றதையும் மூட்டினேன். இரண்டையும் முழுசாகத் திறந்தேன்.

துடைக்கிற கை நின்றது.

"ரெண்டு?" என்றார்.

"ரெண்டு."

"ஒரு மணி நேரமும்?"

"மேட்ச் பார்க்கப் போயிட்டேன்."

அந்தப் பெரிய குரல் திரும்பி வந்தது. "ஆறு வாரம்யா! ஆறு வாரமா நான் தூங்கல, தெரியுமா உனக்கு? பள்ளிக்கூடத்துல ஒவ்வொரு அடுப்பையும் மூணு மூணு தடவை போய்ப் பார்க்கறேன். கைப்பிள்ளையை வச்சிருக்கிற அந்தப் பொண்ணு முகத்தை என்னால பார்க்க முடியல. நீ முடி வெட்டற கடையில உக்காந்து என் சமையலைப் பத்திப் பேசியிருக்க!"

கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. திட்டி முடித்துவிட்டு ஸ்டவ்வைப் பார்த்தார். தண்ணீர் தளதளத்துக்கொண்டிருந்தது. கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். போகவில்லை. முழுசாக ஐம்பது நிமிடம் பாத்திரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பாத்திரம் ஏறக்குறைய காய்ந்தபோது எழுந்து, இரண்டு பர்னரையும் அணைத்துவிட்டு, ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

"நாளைக்கு நான் வாயைத் திறக்கப் போறதில்ல" என்றார் கோட்டை மாட்டியபடி. "நீங்க பேசுங்க."

திரும்பவும் 'நீங்க' வந்துவிட்டது. திட்டியதைவிட அது அதிகமாகச் சுட்டது.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் கழகத்தார் இருபத்துமூன்று பேரும் வந்திருந்தார்கள். புதியவர்களும் பின்னால் நின்றார்கள். என் பாத்திரம் மேஜைமேல் இருந்தது, தேய்த்த பாத்திரத்தில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று நார்பர்ட்டுக்கு எரிச்சல். பத்து நிமிடம் பேசினான். ஆபத்து, பொறுப்பு, தீயணைப்பு, குழந்தை. "ஆர்லீன் நல்ல பொம்பளைதான். அதுக்காக ஊரைக் கொளுத்த முடியுமா? வகுப்பு வேண்டாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

நான் எழுந்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, இல்லை, பொய் சொல்ல வேண்டாம், முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. மனசுதான் எழவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாத்திரத்தைக் கருக்கினது நான்" என்றேன். "ரெண்டு பர்னர்ல வச்சு முழு வேகத்துல விட்டுட்டு மேட்ச் பார்க்கப் போனேன். தாள்ல அப்படி இல்ல. நான் பொய் சொன்னேன். ஆர்லீனைப் பத்தி ஊர்ல நான் பேசினதெல்லாமும் பொய்."

பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். "எந்த மேட்ச் வெர்னன்? அந்த மூணு புள்ளியில தோத்ததா?"

"அதேதான்."

"அப்ப உனக்கு வேணும்!"

சிரிப்பு வெடித்தது. நான் சிரிக்கவில்லை. ரொசெல்லா கதவருகே நின்றிருந்தாள். ஆறு வாரத்தில் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

நார்பர்ட் விடவில்லை. "சரி, இவன் முட்டாள். மத்த பதினோரு பேர்? அவங்களுக்கும் பாதிதானே வந்துச்சு?"

அப்போதுதான் ஆர்லீன் எழுந்தார். "அது என் தப்பு. என்னோடது மட்டும்தான்." பையிலிருந்து பன்னிரண்டு தாள்களை எடுத்து மேஜையில் பரப்பினார். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பெயர், ஒரு பாத்திரம், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்று ஓர் எண். "உன்னோட பதினொண்ணரை கேலன் உன் அண்டாவோட கணக்கு, நார்பர்ட். இவங்க பாத்திரத்துக்கு அது ஆகாது. நான் அதைப் பார்க்காம வகுத்துட்டேன். இனிமே வகுப்புல முதல் நாள் பீரே கிடையாது. வெறும் தண்ணியைத்தான் கொதிக்க வைப்போம்."

லியாண்ட்ரோ பின்னாலிருந்து வந்து ஒரு பாட்டிலை நார்பர்ட் முன்னால் வைத்தான். தன் தாளின்படி இரண்டாம் தடவை காய்ச்சியது, நாலு வாரம் ஆகியிருந்தது. வெட்கப்படுகிற பையன், உடனே பின்னால் போய் நின்றுகொண்டான். நார்பர்ட் திறந்தான், கோப்பையில் ஊற்றி விளக்கில் பிடித்தான், மோந்தான், குடித்தான். அறையே அவன் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவது வாய் குடித்தான்.

"இது என் பீரு" என்றான்.

"அதுதானே சொல்றேன்" என்றார் ஆர்லீன்.

வகுப்பு வேண்டும் என்று பத்தொன்பது கைகள் எழுந்தன. மூன்று பேர் தூக்கவில்லை. நார்பர்ட் கையைத் தூக்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை. கூட்டம் கலைந்ததும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஆர்லீனின் பக்கத்தில் வந்து நின்றான். நான் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தேன், அதனால் காதில் விழுந்தது.

"மார்ச் மாசம் வீட்டை விக்கறோம்" என்றான். "என் பொண்டாட்டியால மாடிப்படி ஏற முடியல. அபார்ட்மென்ட்ல தரைத்தளம் பார்த்திருக்கோம். கராஜ் கிடையாது." கோப்பையின் அடியைப் பார்த்தான். "ஒரே ஒரு ஸ்டவ். அண்டாவை எங்கே வைக்கறது? இனிமே அவ்வளவுதான்னு நினைச்சுட்டு இருந்தேன்."

ஆர்லீன் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்பது வருடம் முன்பு கராஜ் போன அந்த மனுஷிக்கு அவனைக் கிண்டல் செய்ய எல்லா உரிமையும் இருந்தது. நானாக இருந்தால் விட்டிருக்கமாட்டேன்.

"பாத்திரம் ஏதும் வாங்கிட்டியா?"

"இன்னும் இல்ல."

"வாங்காத. வாய் குறுகினதா நான் பார்த்துச் சொல்றேன்." ஒரு வெற்றுத் தாளை எடுத்து அதன் தலையில் அவன் பெயரை எழுதினார். "ஜனவரியில அடுத்த வகுப்பு ஆரம்பம். எல்லாரையும் போல முதல் நாள்லேர்ந்து வரணும்."

"ஆர்லீன், நான் முப்பது வருஷமா பீர் காய்ச்சறவன்."

"தெரியும். ஏழு மணிக்கு வந்துடு."

ஜனவரியின் முதல் செவ்வாய்க்கிழமை, வெளியே ஓரடிப் பனி. பவுலிங் கூடத்துக்காரர் திரும்பத் தந்திருந்த பின் அறைக்கு நான் ஆறரைக்கே போய் ஸ்டவ்வைச் சரிபார்த்து, பெஞ்சுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. நார்பர்ட் காலணியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் நேராக நடந்து வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தான்.